சோளமும் சுடுமல்லியும்

நம் நாட்டுப் புன்செய்ப் பயிர்களுள் சோளம் பழமையானது. நெல்லுக்குத் தேங்கிய நீர் வேண்டும். சோளத்துக்கோ மண்ணில் ஈரம் இருந்தால் போதும். மழை பொய்த்து நிலம் வெடிக்கும் நாளில் தன் இலைகளைச் சுருட்டிக்கொண்டு உறங்குவதுபோல் நிற்கும். மறுமழை பெய்ததும் விழித்தெழுந்து வளரும். ஏழை உழவனின் நிலைமை அறிந்து நடக்கும் பயிர் என்று இதனைச் சொல்லலாம். மாணவர்களே, சோளம் நம் மண்ணிலேயே தோன்றியது என்று நீங்கள் எண்ணியிருத்தல் கூடும். அஃது உண்மையன்று. ஆப்பிரிக்கக் கண்டத்தின் வடகிழக்கே, சூடான், எத்தியோப்பியா ஆகிய நாடுகள் அமைந்துள்ள நிலப்பகுதியிலேதான் அது முதன்முதல் பயிராக்கப்பெற்றது என்பது பயிர்நூல் வல்லாரின் துணிபு. அங்கிருந்து பன்னெடுங்காலத்துக்கு முன்னரே இந்நாட்டுக்கு வந்து நம்முடைய களியாகவும் கூழாகவும் சோறாகவும் ஆயிற்று.

பயிர் எங்கெல்லாம் பரவியதோ அங்கெல்லாம் அதன் பகையும் பரவிற்று. என் பாட்டனாருக்குச் செம்மண் காட்டில் நான்கு ஏக்கர் மானாவாரி நிலம் இருந்தது. களையெடுக்கப் போகும் அத்தைமாரோடு சிறுவனாகிய நானும் போவேன். ஒரு நாள் சோளத் தட்டையின் அடியில் ஒரு சாண் உயரத்தில் வெண்ணிறப் பூக்களோடு நின்ற சிறு செடியொன்றைப் பறித்துக்கொண்டு போய்ப் பாட்டனாரிடம் நீட்டினேன். அதனை வாங்கிப் பார்த்தவர் முகம் வாடினார். "பூ அழகாய் இருக்கிறதென்று பார்க்காதே, தம்பி. இது சுடுமல்லி. இது தலை காட்டிவிட்டது என்றால், அடியில் செய்யவேண்டிய கேட்டையெல்லாம் செய்து முடித்துவிட்டது என்று பொருள்" என்றார். அவர் பள்ளிக்கூடம் சென்றவரல்லர். எனினும் அவர் கூறிய அவ்வொரு வாக்கியத்தில் இக்களையின் இயல்பு முழுவதும் அடங்கியிருந்தது என்பதைப் பிற்காலத்தில் நூல்களைப் படித்தபொழுதே உணர்ந்தேன்.

நம் நாட்டிற் காணும் சுடுமல்லி பெரும்பாலும் வெள்ளைப் பூப் பூப்பது. ஆப்பிரிக்காவிலுள்ள அதன் உறவினமோ இதனினும் உயரமாய் வளர்ந்து ஊதா நிறத்தில் பூப்பது, இதனினும் கொடியது. ஆங்கிலேயர் அதற்குச் சூனியக்காரியின் களை என்று பெயரிட்டனர். பெயர் பொருத்தமே. ஒரு செடியே பல்லாயிரக்கணக்கான விதைகளை உதிர்க்கும். அவ்விதைகள் புழுதியைப்போல் நுண்ணியவை. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவுகூட இரா. காற்றிலும் மழைநீரிலும் கால்நடைகளின் குளம்பிலும் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும். மண்ணுள் விழுந்த விதை பத்து ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். மழை பெய்ததனால் மட்டும் முளைத்துவிடாது. பக்கத்தில் சோளம், கம்பு, மக்காச்சோளம் போன்ற தனக்கு ஏற்ற பயிரின் வேர் வரும்வரை காத்துக் கிடக்கும். வேர் வந்தவுடன் முளைத்து அதனைப் பற்றி உள்ளே துளைத்து, அவ்வேர் உறிஞ்சிய நீரையும் உணவையும் தான் உறிஞ்சத் தொடங்கும். முளைத்த நான்கு முதல் ஏழு வாரம் வரையில் அது மண்ணுக்கு வெளியே தெரியாது. உழவன் தன் பயிரின் இலை வெயிலில் வெந்தாற்போல் வாடுவதைக் காண்பான். 'ஈரம் இல்லை போலும்' என்று எண்ணுவான். பின்னர்ச் சுடுமல்லி வெளியே வந்து பூக்கும். அப்பொழுது அதனைப் பிடுங்கி எறிந்தாலும் இழந்த விளைவு மீளாது. சகாராப் பாலைக்குத் தெற்கேயுள்ள நாடுகளில் 10 கோடிக்கு மேற்பட்ட மக்களின் உணவை இக்களை குறைக்கிறது என்பர்.

வளமான நிலத்தில் சுடுமல்லிக்கு வலிமை குறைவு. எரு இல்லாத, இளைத்துப்போன நிலத்திலேதான் அது ஓங்கும். ஆகவே செல்வர் நிலத்தை விட்டுவிட்டு ஏழையின் நிலத்தையே நாடிச் செல்லும் களை இது. உரம் வாங்கப் பொருளில்லாத உழவனுக்குக் களைக்கொல்லி மருந்து இருக்கிறது என்று கூறுவதனால் பயனில்லை. அவன் கையில் வருவது விதை ஒன்றே. எனவே தீர்வும் விதைக்குள்ளேயே இருத்தல் வேண்டும். அத்தகைய விதை கிடைத்த வரலாறு ஆய்வுக்கூடத்தில் தொடங்கவில்லை. எத்தியோப்பிய நாட்டில், அயல்நாட்டுக் கல்லூரி ஒன்று கட்டிக்கொடுத்த பள்ளிக்கூடத்தில் தொடங்கிற்று.

1949ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் தம் பதவியேற்பு உரையில் நான்கு கொள்கைகளை எடுத்துரைத்தார். அவற்றுள் நான்காவது, வளர்ச்சி குன்றிய நாடுகளுக்கு அறிவியலும் தொழில்நுட்பமும் கற்பித்து உதவுதல் என்பது. அதனால் அத்திட்டத்துக்கு 'நான்காம் அம்சம்' என்றே பெயர் வழங்கலாயிற்று. அதனை நடத்தும் பொறுப்பு ஓக்லஹோமா வேளாண்மை இயந்திரக் கல்லூரியின் தலைவர் ஹென்றி பென்னட் என்பாரிடம் 1950இல் ஒப்படைக்கப்பட்டது. அவர் அதே ஆண்டில் எத்தியோப்பியாவுக்குச் சென்று பேரரசர் ஹைலே செலாசியைக் கண்டு பேசியவர். அந்நாட்டு மண்ணின் வளத்தையும், அதனைப் பயன்படுத்தக் கற்றவர் இல்லாத குறையையும் நேரிற் பார்த்தவர். ஆயின் தாம் எண்ணியது நிறைவேறுவதைக் காண அவருக்கு வாய்க்கவில்லை. 1951ஆம் ஆண்டு டிசம்பரில் ஈரான் நாட்டுத் தலைநகருக்கு அருகில் விமானம் விழுந்து அவரும் அவர் மனைவியாரும் மாண்டனர். அடுத்த ஆண்டு மே மாதத்தில் அவருடைய கல்லூரி எத்தியோப்பியாவில் வேளாண்மைக் கல்வியை நிறுவுவதற்கான உடன்படிக்கையில் கையொப்பமிட்டது.

இக்கல்லூரியின் இயல்பைச் சிறிது கூறுதல் வேண்டும். அமெரிக்காவில் 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே நிலக்கொடை பெற்றுத் தோன்றிய கல்லூரிகள் பல உண்டு. குடியானவர் மக்களும் தொழிலாளர் மக்களும் கற்பதற்கென அவை ஏற்பட்டன. ஆசிரியர் வகுப்பில் பாடம் சொல்வதோடு நின்றுவிடாமல், ஆய்வுப் பண்ணையில் பயிரை ஆராய்தலும், ஆராய்ந்து கண்டதை ஊர்தோறும் சென்று உழவர்க்கு உணர்த்தலும் அங்கு ஒரே நிறுவனத்தின் கடமைகளாயின. கற்பித்தல், ஆராய்தல், பரப்புதல் ஆகிய மூன்றும் ஒரு கயிற்றின் மூன்று புரிகள்போல் முறுக்கப்பட்டிருந்தன. எத்தியோப்பியாவுக்குச் சென்றது இம்முறையே ஆகும். கட்டடமும் கருவியும் பணம் இருந்தால் எவரும் கொடுக்கலாம். ஒரு முறையைக் கொடுப்பது அரிது.

1952ஆம் ஆண்டிலேயே அந்நாட்டின் தென்மேற்கே, காப்பிச் செடி இயற்கையாய் விளையும் நாட்டிலுள்ள ஜிம்மா நகரில் வேளாண்மைத் தொழிற்பள்ளி திறக்கப்பட்டது. கிழக்கே, ஹரார் நகருக்கும் டிரே தாவா நகருக்கும் இடையில், ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரமுள்ள மேட்டுநிலத்தில், அலமாயா ஏரிக்கு அருகே கல்லூரி எழுந்தது. ஓக்லஹோமாவிலிருந்து ஆசிரியர்கள் குடும்பத்தோடு வந்து தங்கினர். 1954ஆம் ஆண்டில் பேரரசரே ஓக்லஹோமாவுக்குச் சென்று அக்கல்லூரியைக் கண்டு திரும்பினார். அலமாயாக் கல்லூரி 1958இல் அவராலேயே முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. அமெரிக்க ஆசிரியர்கள் 1968 வரையில் இருந்து, எத்தியோப்பியரே நடத்தும் நிலை வந்ததும் ஒப்பந்தம் முடிந்து நாடு திரும்பினர். போகவேண்டிய நேரத்தில் போதலும் ஆசிரியர்க்குரிய இலக்கணங்களுள் ஒன்றே.

அமெரிக்க அரசு இதனைத் தூய அருளினால் மட்டும் செய்தது என்று நான் கூறேன். அக்காலத்தில் உலகம் இரு கட்சியாகப் பிரிந்து நின்றது. ஏழை நாடுகளைத் தம் பக்கம் இழுக்க இரு திறத்தாரும் முயன்றனர். நான்காம் அம்சமும் அம்முயற்சியிலிருந்து பிறந்ததே. எனினும் கிணறு வெட்டியவன் கருத்து எதுவாயினும் தண்ணீர் குடிப்பவனுக்கு உதவவே செய்யும். அவ்வாறு குடித்தவருள் ஒருவரைப் பற்றியே இனிச் சொல்லப்போகிறேன்.

எத்தியோப்பியாவின் நடுப்பகுதியில் வொலொன்கோமி என்னும் சிற்றூர் உண்டு. அங்கே மண்தரையும் கூரையும் உடைய ஓர் அறைக் குடிசையில் 1950ஆம் ஆண்டில் கெபிசா எஜெட்டா பிறந்தார். எப்பாடு பட்டேனும் மகனைப் படிக்க வைப்பது என்று அவருடைய தாயார் உறுதி கொண்டார். அயலூரிலுள்ள பள்ளியில் சேர்த்து, அங்குத் தங்குவதற்கும் ஏற்பாடு செய்தார். அவ்வூர் 20 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. ஞாயிறுதோறும் இரவில் அச்சிறுவன் நடந்து செல்வான். வாரம் முழுவதும் படித்துவிட்டு வெள்ளிக்கிழமை மறுபடியும் நடந்து வீடு வருவான். இந்நடையின் பயனாக ஜிம்மாத் தொழிற்பள்ளியில் அவருக்கு இடம் கிடைத்தது. ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் உதவிப்பொருளும் கிடைத்தது. அவருக்குப் பொறியியல் படிக்க விருப்பம். தாயாரோ, "வேளாண்மை படித்தால் இன்னும் பலருக்கு உதவலாம்" என்று எடுத்துக்கூறி மனத்தைத் திருப்பினார். எஜெட்டா ஜிம்மாவிலிருந்து அலமாயாவுக்குச் சென்று 1973இல் பயிரியலில் சிறப்பாகத் தேறிப் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டில் ஜான் ஆக்ஸ்டெல் என்னும் பேராசிரியர் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள பர்டியூப் பல்கலைக்கழகத்திலிருந்து எத்தியோப்பியாவுக்கு வந்தார். அவர் வந்த காரணம் சுவையானது. சோளத்தில் புரதம் இருந்தும் மனித உடலுக்கு இன்றியமையாத லைசின் என்னும் பொருள் அதிற் குறைவு. உலகெங்குமிருந்து திரட்டிய ஆயிரக்கணக்கான சோள வகைகளை ஆக்ஸ்டெலும், இந்தியரான ராமேஸ்வர் சிங்கும் ஆராய்ந்தபொழுது, லைசின் மிகுந்தவை இரண்டே அகப்பட்டன. இரண்டும் எத்தியோப்பியாவின் வொல்லோ மாநிலத்தைச் சேர்ந்தவை. அவற்றுள் ஒன்றுக்கு அவ்வூர் உழவர் வழங்கிய பெயரின் பொருள் 'என் வாயில் பால்' என்பது. இளங்கதிரை நெருப்பில் வாட்டித் தின்னும் அம்மக்கள் அதன் சுவையையும் ஊட்டத்தையும் நாவினாலேயே கண்டு பெயரிட்டிருந்தனர். பல்கலைக்கழகம் சோதனைக் குழாய் கொண்டு கண்டதை உழவன் முன்னரே அறிந்திருந்தான். ஊரறிவையும் நூலறிவையும் எதிரெதிராக நிறுத்திப் பேசுவோர் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்ப்பார்களாக.

நாட்டுச் சோள வகைகளைத் தேடித் திரட்டும் அப்பணியில் உதவ ஆக்ஸ்டெலுக்கு ஓர் இளைஞர் தேவைப்பட்டார். எஜெட்டாவின் ஆசிரியர் தம் மாணவரை அவருக்கு அறிமுகப்படுத்தினார். இருவரும் ஊர் ஊராகச் சென்று கதிர்களைச் சேகரித்தனர். அக்காலத்தில் வொல்லோ மாநிலம் எந்நிலையில் இருந்தது என்பதையும் நீங்கள் அறிதல் வேண்டும். மழையின்றிப் பெரும் பஞ்சம் அதனைப் பற்றியிருந்தது, எண்ணிறந்தோர் மாண்டனர், அதனை மறைக்க முயன்ற பேரரசர் 1974இல் அரியணை இழந்தார். உலகுக்கே ஊட்டம் மிக்க சோளத்தைக் கொடுத்த நிலத்தில் உண்ணச் சோளமில்லை. அக்காட்சி நிகழ்ந்த காலத்திலேதான் எஜெட்டா தம் வாழ்நாள் தொழிலை மேற்கொண்டார். ஆக்ஸ்டெல் அவரைத் தம் மாணவராக ஏற்றுக்கொள்ள, 1974இல் பர்டியூவுக்குச் சென்று, 1978இல் பயிர்ப்பெருக்கத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

நம் ஐதராபாத்துக்கு அருகேயுள்ள பட்டஞ்செருவில் 1972 முதல் வறண்ட நிலப் பயிர்களுக்கான பன்னாட்டு ஆராய்ச்சி நிலையம் ஒன்று இயங்கிவருவது உங்களுட் பலர்க்குத் தெரிந்திருக்கும். அந்நிலையத்தின் சார்பில் எஜெட்டா 1979இல் சூடானுக்குச் சென்றார். அங்கே மழை குறைவு. மக்களின் முதன்மையுணவு சோளமே. வறட்சி தாங்கும் சோள வகைகள் பலவற்றை ஒட்டி ஓர் ஒட்டுரகத்தை அவர் உருவாக்கினார். 'ஹகீன் துரா-1' என்பது அதன் பெயர். சூடானியரின் மொழியில் ஹகீன் என்றால் கலப்பு. துரா என்றால் சோளம். 1983இல் உழவர்க்கு வழங்கப்பெற்ற அதுவே ஆப்பிரிக்காவில் வணிக முறையில் பயிரிடப்பெற்ற முதல் ஒட்டுச்சோளம். அடுத்த ஆண்டிலேயே சூடானைக் கொடும் வறட்சி பற்றியது. புதிய சோளம் கடுமையான சோதனைக்கு ஆளாகி வென்றது. நாட்டுச் சோளத்தைக் காட்டிலும் மிகுந்த விளைவைக் கொடுத்தது. 1999ஆம் ஆண்டளவில் அந்நாட்டில் 10 இலட்சம் ஏக்கரில் அது பயிராயிற்று.

ஒட்டுவிதையில் ஓர் இடர் உண்டு. அதன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து விதைத்தால் அடுத்த தலைமுறைப் பயிர் தாய்ப்பயிரைப்போல் இராது. உயர்ந்தும் தாழ்ந்தும் பலவாறாகச் சிதறிப்போகும். ஆதலால் ஆண்டுதோறும் புது விதை வாங்கவேண்டும். குதிரில் விதை காத்துப் பழகிய குடியானவனுக்கு இது புதிய கட்டு. விதையை எவர் செய்து, எவர் சோதித்து, என்ன விலைக்கு விற்பார் என்ற கேள்வி எழுகிறது. எஜெட்டா இதனை உணர்ந்தவர். விதை உற்பத்தி, தூய்மை காத்தல், சான்று வழங்கல், விற்பனை ஆகியவற்றுக்கு வேண்டிய அமைப்புகளைச் சூடானிலேயே ஏற்படுத்த அவர் வற்புறுத்தினார். உழவர்க்கு அதனைக் கற்பிக்கவும் முயன்றார். ஆய்வாளர் பலர் தம் கடமை ஆய்வுக்கூட வாயிலோடு முடிந்துவிட்டதாக எண்ணுவர். அலமாயாவிற் படித்தவருக்கு அவ்வெண்ணம் வரவில்லை. நான் மேலே கூறிய மூன்று புரிக் கயிற்றை இங்கே நினைவிற் கொள்க.

1984இல் எஜெட்டா பர்டியூவுக்கே ஆசிரியராகத் திரும்பினார். 'நாட்டு மக்களின் பொருளில் படித்தவர் அயல்நாட்டிலேயே தங்கிவிட்டாரே' என்று சிலர் குறை கூறுவர். இக்குறைகூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஏழை நாடுகள் வளர்த்த அறிவாளிகளைச் செல்வ நாடுகள் ஈர்த்துக்கொள்ளுதல் இன்றளவும் தீராத வழக்கு. ஆனால் அப்பொழுது எத்தியோப்பியாவில் இராணுவ ஆட்சி நடந்தது. கற்றவர் பலர் சிறையிலும் நாடு கடந்தும் இருந்தனர். அன்றியும் எஜெட்டா பர்டியூவில் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி இந்தியானா மாநிலத்துக்கு ஒரு சிறிதும் பயன்படாதது. சுடுமல்லி அங்கே கிடையாது. ஆப்பிரிக்க உழவனுக்காகவே அமெரிக்க மண்ணில் அவர் சுடுமல்லியை ஆராய்ந்தார்.

லாரி பட்லர் என்னும் உயிர்வேதியியல் பேராசிரியர் அவருக்குத் துணையானார். இருவரும் கேட்ட கேள்வி எளியது: வேர் அண்மையில் வந்ததை மண்ணுள் கிடக்கும் விதை எவ்வாறு அறிகிறது? கண்ணில்லை, காதில்லை. வேரிலிருந்து மிக நுண்ணிய அளவிற் கசியும் ஒரு வேதிப்பொருளே விதையை எழுப்புகிறது. இத்தகைய பொருள்களுள் ஒன்று 1966ஆம் ஆண்டிலேயே பருத்தி வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டிருந்தது. பயிர் தன் பகைக்குத் தானே அழைப்பு விடுப்பானேன் என்பதுதான் நெடுநாள் விளங்காத புதிராயிருந்தது. 2005இல் ஜப்பானிய அறிஞர்கள் அதனை விடுவித்தனர். மண்ணில் வாழும் ஒருவகைப் பூஞ்சை, வேரோடு இணைந்து பாஸ்பரஸ் முதலிய சத்துகளைத் திரட்டிக் கொடுக்கும் நட்புடையது. சத்துக் குறைந்த நிலத்தில் பயிர் பசியால் வாடும்பொழுது அந்நண்பனைக் கூவி அழைக்கிறது. அக்கூவலைச் சுடுமல்லி ஒட்டுக்கேட்டு முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. இளைத்த நிலத்தில் சுடுமல்லி மிகுதியாய் இருப்பதன் காரணம் இப்பொழுது உங்களுக்கு விளங்கும். பசி மிகுந்தால் கூவலும் மிகும். கூவல் மிகுந்தால் பகையும் மிகும்.

எல்லாச் சோளமும் ஒரே அளவாகக் கூவுமா? கூவாத சோளம் ஒன்று எங்கேனும் உண்டாயின் அதன் அருகில் விதை உறங்கிக்கொண்டே கிடக்குமல்லவா? அதனைக் கண்டறிய வயல் முழுவதும் தோண்டிப் பார்த்தல் இயலாது. பட்லர், எஜெட்டா ஆகியோரின் ஆய்வுக்குழு 1992இல் வெளியிட்ட வழி பள்ளிக்கூட மாணவர்க்கும் புரியக்கூடியது. சிறு கண்ணாடித் தட்டில் கடற்பாசிக் கூழை ஊற்றி, அதனுள் சுடுமல்லி விதைகளைத் தூவிவைப்பர். தட்டின் ஓரத்தில் முளைவிட்ட சோள விதை ஒன்றைப் பதிப்பர். சோளத்தின் வேர் தெளிந்த கூழினூடே நீண்டு வளரும். சில நாள் கழித்து நுண்ணோக்கியில் வைத்து, வேரிலிருந்து எவ்வளவு தொலைவு வரையில் சுடுமல்லி விதை முளைத்திருக்கிறது என்று அளப்பர். அத்தொலைவு 10 மில்லிமீட்டருக்கு உட்பட்டதாயின் அச்சோளம் மெல்லக் கூவும் சோளம். நெடுந்தொலைவு முளைத்திருந்தால் உரக்கக் கூவுவது. மண்ணுள் நிகழும் மறைவான போரை ஒரு கண்ணாடித் தட்டில் வெளிச்சத்துக்குக் கொணர்ந்த இம்முறையினால் நூற்றுக்கணக்கான வகைகளை விரைவாகச் சோதிக்க முடிந்தது. மெல்லக் கூவும் வகைகள் அகப்பட்டன. அவற்றை விளைவு மிகுந்த வகைகளோடு ஒட்டிப் புதிய வகைகளை எஜெட்டா பெற்றார். இவை ஒட்டுரகம் அல்லாதனவும் ஆனதால் உழவன் தன் கதிரிலிருந்தே விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

1994ஆம் ஆண்டில் இவ்விதை எட்டு டன் அளவு தொண்டு நிறுவனங்களின் துணையோடு 12 ஆப்பிரிக்க நாடுகளுக்கு அனுப்பப்பட்டது. எத்தியோப்பியா, எரித்திரியா, சூடான், சோமாலியா, கென்யா, தான்சானியா, ருவாண்டா, மொசாம்பிக், ஜிம்பாப்வே, மாலி, நைஜர், செனகல் என்பன அந்நாடுகள். உள்ளூர் வகைகளைவிடச் சில இடங்களில் நான்கு மடங்கு வரையில் விளைந்தது. ஆயினும் விதையொன்றே எல்லாம் செய்துவிடும் என்று எஜெட்டா சொல்லவில்லை. எதிர்ப்பாற்றல் உடைய சோளத்திலும் ஒரு சில சுடுமல்லிகள் பற்றிக்கொள்ளும். அவற்றின் வழித்தோன்றல்கள் பெருகினால் ஒரு நாள் எதிர்ப்பு முறியும். ஆகையால் 2002 முதல் எத்தியோப்பியாவில் நல்ல விதை, சிறிதளவு உரம், மழைநீரை வரப்பு கட்டித் தேக்குதல் ஆகியவற்றை ஒருங்கே உழவர்க்குக் கற்பித்தனர். வயிறு நிறைந்த பயிர் மிகுதியாய்க் கூவுவதில்லை என்பது இங்கே பயன்பட்டது. ஒரு காலத்தில் ஓக்லஹோமா ஆசிரியர்கள் தொடங்கிவைத்த கல்லூரியில் பயின்ற எத்தியோப்பியர் பலர் இப்பணியில் எஜெட்டாவோடு உழைத்தனர். அக்கல்லூரி 1985இல் பல்கலைக்கழகமாய் உயர்ந்து, இன்று ஹரமாயாப் பல்கலைக்கழகம் என்னும் பெயரோடு விளங்குகிறது.

2009ஆம் ஆண்டில் எஜெட்டாவுக்கு உலக உணவுப் பரிசு அளிக்கப்பட்டது. கோதுமைப் புரட்சி செய்த நார்மன் போர்லாக் ஏற்படுத்திய பரிசு அது. அவ்வாண்டு அப்பரிசு வழங்கப்பெறுவதற்குச் சிறிது முன்னர்ப் போர்லாக் மறைந்தார். அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் பதக்கமும் 2023இல் எஜெட்டாவை அடைந்தது.

பரிசு பெற்ற பின்னரும் ஒரு கேள்வி விடையின்றி நின்றது. மெல்லக் கூவும் சோளம் உண்மையில் கூவுவதே இல்லையா? கூவாதாயின் அதன் நண்பனாகிய பூஞ்சையும் வராமற்போகும். சுடுமல்லிக்குத் தப்பிய பயிர் பசியால் மெலிந்தல்லவா போகும்? உழவர் வயலில் அவ்வாறு நிகழவில்லை. எஜெட்டாவின் ஆய்வுக்குழு 2017இல் இதற்கு விடை கண்டது. அச்சோளத்தில் ஒரு மரபணு பழுதுபட்டிருக்கிறது. அப்பழுதினால் வேரிலிருந்து கசியும் பொருளின் வடிவம் சிறிது மாறிவிடுகிறது. அளவு குறையவில்லை, வடிவமே வேறு. பூஞ்சைக்கு அவ்வேறுபாடு ஒரு பொருட்டன்று. அழைப்பை அறிந்து வழக்கம்போல் வந்து சேர்கிறது. சுடுமல்லி விதைக்கோ அம்மாற்றம் விளங்குவதில்லை. சோளம் தன் நண்பனை அழைத்துக்கொண்டேயிருக்க, அதன் வேரருகிலேயே சுடுமல்லி விதை மிகுதியும் உறங்கிக் கிடக்கிறது.